வெள்ளிக்கிழமைப் படத்துக்கு ஒன்பது பேர். கிளப்பை மூடிடலாமா?

ஓரம்சீட் (ஞாயிறு, இரவு 11:20)

யுனிவர்சிட்டி பேர் வேண்டாம், சென்னைக்குள்ளதான் இருக்கு. கண்டுபிடிச்சவங்க கமுக்கமா இருந்துடுங்க.

நாங்க ஒரு ஃபிலிம் கிளப் நடத்துறோம். டிபார்ட்மென்ட் நடத்துறது இல்ல, பசங்களே நடத்துறது. சம்பளம் கிடையாது, கிரெடிட் கிடையாது, அட்டெண்டன்ஸ்கூட கிடையாது. வாலண்டியர் வாட்ஸ்அப் குரூப்புல 31 பேர் இருக்கோம். நாற்காலி தூக்க வர்றது நாலு பேர். வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6:30க்கு செமினார் ஹால்ல ஒரு படம், முடிஞ்சதும் அரை மணி நேரம் பேச்சு. கொரோனாவுக்கு முன்னாடி எண்பது தொண்ணூறு பேர் வருவாங்களாம். பழைய ஃபோட்டோவுல படிக்கட்டுலகூட உட்கார்ந்திருக்காங்க.

போன வெள்ளிக்கிழமை ‘அந்த நாள்’ போட்டோம். 1954 படம், எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன், சிவாஜி நடிச்சது. வந்தது ஒன்பது பேர். அதுல நாலு பேர் நாங்க. ஒருத்தர் ஃபோன் சார்ஜ் போட வந்தவர், பிளக் பாயின்ட் பக்கத்துலயே உட்கார்ந்திருந்துட்டு சார்ஜ் ஏறினதும் எழுந்து போயிட்டார். கடைசி வரைக்கும் அசையாம பார்த்தது வாட்ச்மேன் அண்ணன்தான். படம் முடிஞ்சதும் பக்கத்துல வந்து மெதுவா கேட்டார்: "நேரமாயிடும்னு பாட்டையெல்லாம் வெட்டிட்டீங்களா தம்பி?" இல்லண்ணே, அந்தப் படத்துல பாட்டே கிடையாது, அதுதான் அதோட விசேஷமேன்னு சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியல.

எனக்குத் தோணுறது இதுதான். ஓடிடி வந்தாச்சு, டெலிகிராம் வந்தாச்சு, படுத்துக்கிட்டே பார்க்கலாம். மரபெஞ்சுல உட்கார்ந்து பார்க்க எவன் வருவான்? ஹால் சாவியை ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டு ஒரு நன்றி போஸ்டர் போட்டு முடிச்சுக்கலாமான்னு யோசிக்கிறோம். வேற காலேஜ்ல கிளப் நடத்துறவங்க, முன்னாடி நடத்தினவங்க சொல்லுங்க.


மிளகாய்பஜ்ஜி

சுண்டல் குடுங்க ப்ரோ, கூட்டம் தானா வரும். நவராத்திரி கொலுவுக்கு எதுக்குப் போறோம்?


ஓரம்சீட்

குடுத்துப் பார்த்தாச்சு. சுண்டல் வாங்கிட்டு கேன்டீன் பக்கம் போயிட்டாங்க.


பதினாறு_எம்எம் (திங்கள், காலை 6:05)

தம்பி, எனக்கு அறுபது தாண்டியாச்சு. எண்பதுகளில் இதே ஊரில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் பெட்டி தூக்கியவன். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் படம் வருவது ரயிலில். புனேவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறதே, 1964இல் தொடங்கியது, அங்கிருந்து 16 எம்எம் பிரிண்ட் தகரப் பெட்டியில் சென்ட்ரல் பார்சல் ஆபீசுக்கு வரும். தூதரகங்கள் கொடுக்கும் படங்கள் ஃபெடரேஷன் வழியாக ஊர் ஊராகச் சுற்றி வரும். 1959இல் சத்யஜித் ராய் தலைவராக இருந்து ஆரம்பித்த சங்கக் கூட்டமைப்பு அது. பெட்டி நமக்கு வரும்போது முந்தின ஊர்க்காரன் பிலிமை அறுத்து, ஒட்டி, பாதி ஒட்டாமல் அனுப்பியிருப்பான். படம் போடும் அன்று மத்தியானமே உட்கார்ந்து கை விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே முழு ரீலையும் சுற்றிப் பார்க்க வேண்டும். துளை கிழிந்த இடம் விரலில் முள் மாதிரி குத்தும். அங்கே டேப் போடுவோம்.

பிலிமை மாட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேட்டுக்கு (ப்ரொஜெக்டருக்குள் விளக்கு வெளிச்சம் பிலிமில் விழும் இடுக்குக்கு) மேலே ஒரு லூப், கீழே ஒரு லூப், இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக விட வேண்டும். பிலிம் கேட்டுக்குள் நொடிக்கு 24 தடவை நின்று நின்று போகும், ஆனால் சுருள்கள் நிற்காமல் சுற்றும். இரண்டுக்கும் நடுவே அந்தத் தளர்வுதான் சமாதானம். லூப் போனால் திரையில் எல்லோரும் தையல் மெஷின் ஊசி மாதிரிக் குதிப்பார்கள். கூட்டம் "டேய் ஆபரேட்டர்" என்று கத்தும். சம்பளம் வாங்காத ஆபரேட்டருக்கும் அதே வசவுதான். 1600 அடி ரீல் 44 நிமிடம் ஓடும். ஒரே ப்ரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டுவிடுவோம். உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்த பேச்சு, கடைசியில் நாங்கள் ஏற்பாடு செய்கிற கலந்துரையாடலைவிட நன்றாக இருக்கும்.

கூட்டத்தைப் பற்றியும் பெருமை வேண்டாம். ஐரோப்பியப் படம் என்றால் சென்சார் வெட்டில்லாமல் வரும் என்று ஒரு நம்பிக்கை அன்று உண்டு. ஹால் நிரம்பி வழியும். ஒரு தடவை இரண்டரை மணி நேரம் விவசாயிகள் உழுதுகொண்டே இருந்தார்கள். முதல் ரீல் மாற்றும்போது பாதி ஹால் காலி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கும் வீட்டில் டிவி வந்தது, பிறகு வீடியோ கேசட் வந்தது. ஒவ்வொரு தடவையும் "இனிமேல் யார் வருவார்கள்" என்று நாங்களும் கமிட்டி கூட்டிப் புலம்பியிருக்கிறோம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வந்த ஒன்பது பேர் யார் யார்? எங்கே தங்கியிருப்பவர்கள்? அதில் பெண்கள் எத்தனை பேர்?


ரிச்சிதெரு

அண்ணன் கேட்ட கேள்விக்கு அப்புறம் பதில் சொல்லுங்க. கிளப் பேஜ்ல நீங்க போட்ட ஃபோட்டோவை எப்படியோ கண்டுபிடிச்சுப் பார்த்துட்டேன் (கமுக்கமா இருக்கேன், பயப்படாதீங்க). சிவாஜி மூஞ்சி ஏன் பூசணிக்காய் மாதிரி இருக்கு?

அந்தக் காலத்துப் படத்தோட அகலம்-உயரம் 4:3. உங்க ப்ரொஜெக்டர் அதை 16:9க்கு இழுத்துப் போட்டிருக்கு. அகலம் மூணுல ஒரு பங்கு கூடிடும். ஆள் எல்லாம் குட்டையாயிடுவாங்க, வட்டமான கடிகாரம் முட்டையாயிடும். ரிமோட்ல ‘ஆஸ்பெக்ட்’னு ஒரு பட்டன் இருக்கும், அதை ‘நார்மல்’ல வைங்க. ரெண்டு பக்கமும் கறுப்பா இடம் விடும், விடட்டும். திரை ரொம்பணும்னு சட்டம் ஒண்ணும் கிடையாது.


ஓரம்சீட்

ஐயோ. ரெண்டு வருஷமா அப்படித்தான் போட்டுக்கிட்டு இருக்கோம். 🙈

பதினாறு_எம்எம் ஐயா, கணக்கு எடுத்தேன். நாங்க நாலு பேர் மென்ஸ் ஹாஸ்டல். இன்னும் ரெண்டு பேர் அதே ஹாஸ்டல். ஒருத்தர் ரிசர்ச் ஸ்காலர், கேம்பஸ் பின்னாடி ரூம் எடுத்துத் தங்கியிருக்கார். ஒருத்தர் சார்ஜர். ஒருத்தர் வாட்ச்மேன் அண்ணன். பொண்ணுங்க யாரும் இல்ல. எங்க கேம்பஸ்ல பாதிக்கு மேல பொண்ணுங்கதான், ஆனா அவங்களுக்கு இந்த மாதிரிப் படத்துல இன்ட்ரஸ்ட் கம்மின்னு நினைச்சேன்.


மொட்டைமாடி_நிலா (திங்கள், இரவு 9:50)

இன்ட்ரஸ்ட் கம்மியா. சரி.

நான் அதே கேம்பஸ். லேடீஸ் ஹாஸ்டல், ரெண்டாவது மாடி. எங்க கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு உங்க 31 பேர்ல யாருக்காவது தெரியுமா? 7 மணிக்கு. 7:05க்கு வந்தா ரெஜிஸ்டர்ல காரணம் எழுதணும், மூணு தடவை எழுதினா வீட்டுக்கு ஃபோன். லேட் பர்மிஷன் வேணும்னா துறைத்தலைவர் கையெழுத்து, வார்டன் கையெழுத்து, அதுவும் ரெண்டு நாள் முன்னாடி. "படம் பார்க்க"ன்னு எழுதினா என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். படம் பார்க்கிறதுன்னா ஊர் சுத்துறதுன்னு அர்த்தம் அங்க.

உங்க படம் 6:30. நீங்க கேபிள் மாட்டி, சவுண்ட் வரலைன்னு லேப்டாப்பைத் தட்டி, ஆரம்பிக்கிறது 6:40. ஹால்ல இருந்து கேட்டுக்கு வேகமா நடந்தா எட்டு நிமிஷம். ஆக மொத்தம் எனக்குக் கிடைக்கிறது 12 நிமிஷம். போன வருஷம் நானும் என் ரூம்மேட்டும் அப்படி 12 நிமிஷம் மட்டும் பார்த்த படம் ஆறு இருக்கு. ஆறு படத்துலயும் யாரோ ஊருக்கு வர்றாங்க. வந்து என்ன பண்ணாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

நாங்க எழுந்து போறதைப் பார்த்து உங்காளு ஒருத்தர் மைக்ல "பொறுமை இருக்கிறவங்களுக்குத்தான் இந்த சினிமா"ன்னு சொன்னார். அதோட வர்றதை நிறுத்திட்டோம்.


மிளகாய்பஜ்ஜி

சுண்டல் ஐடியாவை வாபஸ் வாங்கிக்கிறேன்.


திருவள்ளூர்_லோக்கல்

நானும் சொல்லிக்கிறேன், நான் டே ஸ்காலர். வேற காலேஜ், ஆனா இதே கதைதான். படம் முடிஞ்சு 9 மணிக்கு வெளிய வந்து, பஸ் பிடிச்சு, சென்ட்ரல்ல மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் போய் அரக்கோணம் வண்டி ஏறினா, வீட்டுல சாப்பாடு மூடி வெச்சிருப்பாங்க, எல்லாரும் தூங்கியிருப்பாங்க. ஒரு வாரம் செய்யலாம். ரெண்டாவது வாரம் அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார், பேசாம இருப்பார். அதுதான் கஷ்டம்.

இன்னொண்ணும் இருக்கு. நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் சப்டைட்டில் வாசிக்க வரும், ஆனா அந்த வேகத்துக்கு வராது. ரெண்டாவது வரியை முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துடும். படத்தைப் பார்க்கிறதா எழுத்தைப் பார்க்கிறதா? பக்கத்துல எல்லாரும் சிரிக்கும்போது நாமளும் அரை செகண்ட் கழிச்சுச் சிரிக்கணும். அதுக்கு வீட்டுக்கே போயிடலாம்.


ஓரம்சீட்

நிலா, ஸாரி. மைக்ல அப்படிச் சொன்னது நான் இல்ல, ஆனா அப்போ நானும் அங்கதான் இருந்தேன், சிரிச்சேன்னு நினைக்கிறேன்.

பழைய ஃபோட்டோவை இப்போ மறுபடி எடுத்துப் பார்த்தேன். படிக்கட்டுல உட்கார்ந்திருக்கிறதுல பாதி பொண்ணுங்க. இன்னொண்ணும் கண்ணுல பட்டுது. ஜன்னல் ஓரமா வெயில் விழுந்திருக்கு. அப்போ சாயங்காலம் ஷோவே இல்லையா? யார் எப்போ மாத்தினாங்க? நாங்க சேரும்போதே 6:30தான்.


முன்னாள்செயலர் (செவ்வாய், மதியம் 1:15)

நான்தான் மாத்தினேன்.

இழையோட லிங்க்கை யாரோ எங்க பழைய குரூப்ல போட்டாங்க, எல்லாத்தையும் படிச்சேன். 2020க்கு முன்னாடி வெள்ளிக்கிழமை 3:45. கிளாஸ் 3:30க்கு முடியும், அப்படியே வந்துடுவாங்க, 5:45க்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். லாக்டவுன் முடிஞ்சு 2022ல ஹாலைத் திறந்தா, பழைய பச்சைத் திரைச்சீலை எல்லாத்தையும் கரையான் அரிச்சிருந்தது. ப்ரொஜெக்டர் லேம்ப் வேற ஓடி ஓடி மங்கிடுச்சு. ஜன்னல் ஆறும் மேற்கு பார்த்தது. நாலரை மணி வெயில் நேரா திரையில விழும். முதல் படம் போட்டோம், ஆள் தெரியல, குரல் மட்டும் கேட்டுது. புது லேம்ப்புக்கும் திரைச்சீலைக்கும் லெட்டர் குடுத்தோம். லெட்டர் எந்த மேஜையில இருக்குன்னு இன்னும் தெரியாது. இருட்டினப்புறம் போடுவோம், தற்காலிகம்தானேன்னு 6:30 ஆக்கினேன். அப்புறம் கோர்ஸ் முடிஞ்சு நான் போயிட்டேன். அடுத்த பேட்ச்சுக்கு சாவி குடுத்தேன், பாஸ்வேர்டு குடுத்தேன், இது தற்காலிகம்னு சொல்லணும்னு தோணவே இல்ல.

கேட் 7 மணிங்கிறது அப்போ எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்ல.


பதினாறு_எம்எம்

சொல்லிவிட்டீர்களே, அதுவே பெரிது. நாங்கள் செய்ததும் இதே தப்புதான். எங்களுக்கும் 6:30 காட்சிதான். உடன் படித்த ஒரு பெண் ஒருநாள், "நீங்கள் நடத்துவது ஃபிலிம் சொசைட்டியா, ஆண்கள் சங்கமா" என்று கேட்ட பிறகுதான் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக் காட்சி வைத்தோம். அதனால்தான் முதலிலேயே உங்களிடம் அந்தக் கணக்கைக் கேட்டேன்.


ரிச்சிதெரு

அப்போ பிரச்சினை ஓடிடி இல்ல, ஜன்னல். ஜன்னல்னா நம்ம ஏரியா.

ஒண்ணு புரிஞ்சுக்கணும். ப்ரொஜெக்டரால கறுப்பை அடிக்க முடியாது, வெளிச்சத்தை மட்டும்தான் அடிக்கும். படத்துல கறுப்பா தெரியற இடம் வெளிச்சம் படாத திரை, அவ்வளவுதான். ஹால்ல வெளிச்சம் இருந்தா அந்தக் கறுப்பு வெளுத்துடும். ராத்திரி காட்சி நிறைய இருக்கிற கறுப்பு வெள்ளைப் படம்னா முதல்ல செத்துப்போறது அதுதான்.

புது லேம்ப் வாங்குறதுக்கு முன்னாடி காசில்லாம செய்யக்கூடியது மூணு இருக்கு. ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க. நம்ம ஊர் தூசிக்கு உள்ள ஒரு பஞ்சு மெத்தையே இருக்கும். மெனுவுல ‘ஈகோ’ மோடு (வெளிச்சத்தைக் குறைச்சு கரன்ட்டை மிச்சம் பண்றது) போட்டிருந்தா எடுத்துடுங்க. மூணாவது, இதுக்கு உங்க கௌரவம் ஒத்துக்கணும்: படத்தைச் சின்னதாக்குங்க. இப்போ எவ்வளவு அகலம்?


முன்னாள்செயலர்

12 அடி. சுவர் முழுக்க வரணும்னு நாங்கதான் ப்ரொஜெக்டரைப் பின்னாடி தள்ளினோம்.


ரிச்சிதெரு

9 அடி ஆக்குங்க. அதே வெளிச்சம் கிட்டத்தட்ட பாதிப் பரப்புல விழும், ஒண்ணே முக்கால் மடங்கு பளிச்னு இருக்கும். புது லேம்ப் போட்ட மாதிரி. பின் பெஞ்சுக்காரங்களை முன்னாடி வரச் சொல்லுங்க.

லேம்ப் ஆயுசு 4000 மணி நேரம்னு டப்பாவுல போட்டிருந்தா, அதுக்கப்புறம் ஃபியூஸ் ஆகும்னு அர்த்தம் இல்ல. அதுக்குள்ள வெளிச்சம் பாதியா குறைஞ்சிடும்னு அர்த்தம். அதனாலதான் "நல்லாத்தானே எரியுது"ன்னு ஆபீஸ்ல சொல்வாங்க. பொய் இல்ல, எரியுதுதான்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பாரீஸ் கார்னர் கோடவுன் தெருவுல மொத்த விலைக்குக் கிடைக்கும். ஜன்னல் அளவு சொல்லுங்க, கணக்குப் போட்டுத் தர்றேன்.


ஓரம்சீட்

இப்போதான் அளந்துட்டு வந்தேன். 4 அடி அகலம், 6 அடி உயரம், ஆறு ஜன்னல். கிளப் கையில இருக்கிற பணம் 640 ரூபா. அதுல 200 ரூபா யாரோ குடுத்த கிழிஞ்ச நோட்டு.


மொட்டைமாடி_நிலா

நாலடிக்கு ஆறடின்னா நாலு முழ வேட்டி அளவு. இப்போ என்ன மாசம்? தை. உங்க ஹாஸ்டல்ல எத்தனை பேர் சபரிமலைக்கு மாலை போட்டு இறக்கியிருக்காங்க? அவங்க கறுப்பு வேட்டியெல்லாம் இப்போ எங்க இருக்கு?


மிளகாய்பஜ்ஜி

அக்கா, உங்களை இந்தியன் ஸ்பேஸ் ரிசர்ச்சுக்கு அனுப்பணும்.


ரிச்சிதெரு

சொன்னா நம்ப மாட்டீங்க, சரியா வரும். எட்டு முழ வேட்டியா இருந்தா இன்னும் நல்லது, ரெண்டா மடிச்சுத் தொங்க விடலாம். ஒத்தை வேட்டின்னா வெயில் ஊடுருவும், ஜன்னலுக்கு ரெண்டு வேணும். மேல கயிறு கட்டி கிளிப் போடுங்க. கீழ கல்லு வைங்க, இல்லைன்னா ஃபேன் காத்துக்கு ஆடும். ஓரத்துல கசியற வெளிச்சத்துக்கு செய்தித்தாள், செலோடேப்.

ஆனா ஜன்னலை அடைச்சா புழுங்கும். தையில தாங்கும். பங்குனியில என்ன செய்வீங்கன்னு இப்பவே யோசிச்சு வைங்க.


சட்டக்கஞ்சி

நடுவுல புகுறேன். உங்க போஸ்டரைப் பார்த்தேன் (ஆமா, நானும் கண்டுபிடிச்சிட்டேன்). "அனைவரும் வருக, பொதுமக்களும் வரலாம்"னு இன்ஸ்டாவுல போட்டிருக்கீங்க. அதை முதல்ல எடுங்க.

பதிப்புரிமைச் சட்டம் 1957, 52ஆவது பிரிவுல கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கு. நிறுவனத்தோட செயல்பாட்டுல ஒரு பகுதியா படம் காட்டலாம், பார்க்கிறவங்க அங்க படிக்கிறவங்க, ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்களோட பெற்றோர், அந்தச் செயல்பாட்டோட தொடர்புடையவங்க இவ்வளவு பேரா மட்டும் இருந்தா. ரோட்டுல போறவரைக் கூப்பிட்டா அந்தக் குடை மடங்கிடும். இன்னொண்ணு, இந்த விலக்கு படத்தைக் காட்டுறதுக்கு மட்டும்தான். டெலிகிராம்ல இறக்கின காப்பிக்கு அது பொறுப்பேத்துக்காது.


மிளகாய்பஜ்ஜி

அப்போ வாட்ச்மேன் அண்ணன்?


சட்டக்கஞ்சி

ஊழியர். உங்க எல்லாரையும்விட அவருக்குத்தான் தெளிவான உரிமை.

பழைய படமா போட்டா தலைவலி கம்மி. இந்தியாவுல ஒரு திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான வருஷம் முடிஞ்சு 60 வருஷம். 1964ல வந்த படத்துக்கு 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது. கதை, இசைக்கெல்லாம் தனிக் கணக்கு, எழுதினவங்க காலமாகி 60 வருஷம். அதனால "பழசுதானே"ன்னு கண்ணை மூடிக்கிட்டு யூடியூப்ல ஏத்திடாதீங்க.


பதினாறு_எம்எம்

அப்படியானால் முதல் படத்துக்கு என் யோசனை: இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’, 1948. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஏழு மணிக் கேட்டுக்கு முன்னால் பேச்சும் முடியும். 1950இல் லண்டனில் ராய் பார்த்து அசந்த படம். கதை ஒரு வரி: சைக்கிள் தொலைகிறது, தேடுகிறார்கள். சென்னையில் சைக்கிள் தொலைக்காதவர் யார்?


திருவள்ளூர்_லோக்கல்

தமிழ் சப்டைட்டில் இருக்கா?


ஓரம்சீட்

இல்ல. இங்கிலீஷ் இருக்கு. ப்ரோ, நீங்க பண்ணித் தருவீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டுப் பார்க்கிறேன்.


திருவள்ளூர்_லோக்கல் (நாலு நாள் கழிச்சு)

பண்ணிட்டேன். ட்ரெயின்லயே பாதி. கத்துக்கிட்டதை எழுதி வைக்கிறேன், அடுத்து பண்றவங்களுக்கு உதவும்.

முதல்ல அப்படியே மொழிபெயர்த்தேன். வாசிச்சுப் பார்த்தா ரேடியோ நாடகம் மாதிரி இருக்கு. "நான் உன்னிடம் ஏற்கனவே கூறினேன் அல்லவா"ன்னு ஒரு ஏழைத் தொழிலாளி பேசுவானா? எல்லாத்தையும் அழிச்சிட்டு "அப்பவே சொன்னேன்ல" ஆக்கினேன். நீளமும் பாதியாச்சு, படிக்கவும் நேரம் கிடைச்சுது. தமிழ்ல சொல் நீளம், அதனால வெட்டத் தெரியணும். மூஞ்சியைப் பார்த்தாலே புரியற வசனத்தை விட்டுட்டேன். "என்ன?", "இல்ல", "ஏன்?" எல்லாம் எழுத வேண்டியதே இல்ல.

மென்பொருள் ஒரு வரிக்கு 42 எழுத்துன்னு எல்லை வெச்சு சிவப்புக் காட்டிக்கிட்டே இருக்கும். அது நம்ம எழுத்தை எண்ணத் தெரியாம எண்ணுது. "தமிழ்"னா நமக்கு மூணு எழுத்து, அதுக்கு அஞ்சு, ஏன்னா இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணும். பயப்பட வேண்டாம், கண்ணால பார்த்து ரெண்டு வரிக்குள்ள நிறுத்துங்க.


ரிச்சிதெரு

அருமை தம்பி. ஒரு எச்சரிக்கை. நீங்க வேலை செஞ்ச காப்பியும் அங்க ஓடற காப்பியும் ஒண்ணுதானான்னு பாருங்க. ஒண்ணு நொடிக்கு 24 ஃபிரேம், இன்னொண்ணு ஐரோப்பா டிவிடியில இருந்து வந்த 25 ஃபிரேமா இருந்தா, ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம் தள்ளிப்போயிடும். பையன் அழுது முடிச்சு மூக்கைத் துடைக்கும்போது "அப்பா, போகாதே"ன்னு வரும். விஎல்சி பிளேயர்ல ஜி, ஹெச் தட்டி சப்டைட்டிலை நகர்த்தினா அந்த நிமிஷத்துக்குச் சரியாகும், அப்புறம் மறுபடி விலகும். ‘சப்டைட்டில் எடிட்’ங்கிற மென்பொருள்ல ஃபிரேம் ரேட்டை மாத்திச் சேமிங்க. யுடிஎஃப்-8ல சேமிங்க. லேப்டாப்ல நிர்மலா மாதிரி தமிழ் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து வைங்க. இல்லைன்னா திரை பூரா கட்டம் கட்டமா வரும்.


மொட்டைமாடி_நிலா

படம், துணி, எழுத்து எல்லாம் சரி. வாலண்டியர் குரூப்ல எங்க ஹாஸ்டல்ல இருந்து நாலு பேரைச் சேர்க்கணும், அதுவும் போஸ்டர் வரைய இல்ல. ஹால் சாவியும் ப்ரொஜெக்டர் ரிமோட்டும் மாத்தி மாத்தி வாரம் ஒருத்தர்கிட்ட. மைக்கும்.


ஓரம்சீட்

சரி. முதல் வாரம் சாவி உங்ககிட்ட.


ஓரம்சீட் (இரண்டு வாரம் கழித்து, வெள்ளி இரவு)

நடந்ததைச் சொல்றேன்.

காலையில ஹாஸ்டல்ல அறை அறையா போய் பதினொரு வேட்டி சேர்த்தோம். ஒருத்தன் துவைக்காம குடுத்தான், கற்பூர வாசனை. ஆறு ஜன்னலுக்கு ரெண்டு ரெண்டுன்னா ஒண்ணு குறையுது, கடைசி ஜன்னல்ல ஒத்தை வேட்டி. படத்தை 9 அடியாக்கினோம், முன்வரிசை ஆட்கள் "இவ்வளவுதானா"ன்னாங்க, விளக்கை அணைச்சதும் யாரும் பேசல. அந்த ப்ரொஜெக்டர்ல இவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு நானே இன்னிக்குத்தான் பார்க்கிறேன். ஃபில்டர்ல இருந்து வந்த தூசியை ஒரு காகிதத்துல மடிச்சு வெச்சிருக்கேன், ரிச்சிதெரு அண்ணனுக்குக் காட்ட.

3:50க்கு ஆரம்பிச்சோம். 58 பேர். நிலா வாசல்ல நின்னு எண்ணினாங்க, அதுல 26 பேர் பொண்ணுங்க. முக்கால் மணி நேரம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் அந்தக் கடைசி ஜன்னல் வேட்டி கிளிப் கழண்டு விழுந்துது. சரியா நாலரை வெயில், ஒரு பட்டையா திரையில அடிச்சு அப்பாவோட தலையே காணோம். நான் ஓடறதுக்குள்ள ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஜன்னல் திட்டுல ஏறி நின்னு குடையை விரிச்சுப் பிடிச்சிட்டாங்க. பத்து நிமிஷம் அப்படியே பிடிச்சுக்கிட்டு, கழுத்தைத் திருப்பிப் படத்தைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. இறங்கச் சொன்னாலும் இறங்கல.

சப்டைட்டில் ரெண்டு இடத்துல முந்திடுச்சு, மத்தபடி பிரமாதம். திருவள்ளூர் ப்ரோ, ஒரு இடத்துல நீங்க "போய்யா" போட்டதுக்கு ஹால் மொத்தமும் ஒரே நேரத்துல சிரிச்சுது.

5:20க்கு முடிஞ்சு, பேச்சு 6:15 வரைக்கும் போச்சு. வாட்ச்மேன் அண்ணன் எழுந்து நின்னார். பீச் ஸ்டேஷன்ல அவர் சைக்கிள் காணாமப் போன கதை, அதைத் தேடி மூர் மார்க்கெட் பக்கம் அலைஞ்ச கதை, பத்து நிமிஷம். கடைசியில, "அந்தாளு போலீஸ்காரன் முன்னாடி நின்னாரே, நானும் அப்படித்தான் நின்னேன்"னுட்டு உட்கார்ந்துட்டார். அதுக்கப்புறம் யாருக்கும் ‘நியோ ரியலிசம்’னு (இந்த மாதிரி இத்தாலியப் படங்களோட பாணிக்குப் பேர்) ஆரம்பிக்கத் தைரியம் வரல. நல்லதுதான், நான் ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருந்தேன்.


பதினாறு_எம்எம்

அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். மழை நாளில் ஒன்பது பேர் வரும்போது வாசிக்கலாம்.


மொட்டைமாடி_நிலா

6:40க்கு எல்லாரும் கேட்டுக்குள்ள. அடுத்த வாரம் சாவி கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல ஒரு அக்காகிட்ட. கிளிப் வாங்கணும், மரக் கிளிப்பா வாங்குங்க, பிளாஸ்டிக் வெயிலுக்கு உடையுது.


மூணாவதுஜன்னல்

புதுசா அக்கவுன்ட் திறந்து வந்திருக்கேன், ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான். மூணாவது ஜன்னல்ல இருக்கிறது என் வேட்டி. எட்டு முழம், ஓரத்துல பேனாவால என் ரூம் நம்பர் எழுதியிருக்கும். கார்த்திகை ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி துவைச்சுத் திருப்பிக் குடுத்துடணும்.


ஓரம்சீட்

எழுதி வெச்சாச்சு. அடுத்த பேட்ச்சுக்குக் குடுக்கிற நோட்டுலயும் எழுதியாச்சு.